வெள்ளைப் புகை

"ஃபேனை நிறுத்துங்க மாப்ள. காத்து பட்டா வெல்டிங்ல ஓட்டை விழும்" என்ற மாமனார், ஜன்னலையும் தானே சாத்தினார். பட்டறை அவருடையது. அதில் வெல்டர் வேலை மருமகனுக்கு.

குழாயாகச் சுருட்டிய, துத்தநாகம் பூசிய தகட்டில் சூடு ஏறியதும் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பி, போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. மருமகனுக்கு நாக்கில் ஒரு அசட்டு இனிப்பு, தொண்டை கமறியது.

"பூச்சைச் சுரண்டிட்டுப் பத்தவைக்கலாமே மாமா?"

"அதுக்கெல்லாம் நேரம் ஏது? வீட்டுக்குப் போய் பாலைக் குடிங்க, சரியாயிடும். நான் குடிக்காத புகையா?" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் மருமகனுக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. மனைவி இரண்டு போர்வையைப் போர்த்திவிட்டாள்.

"வேற எங்கேயாவது வேலை பாருங்களேன்."

"உங்க அப்பாகிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா?"

அவள் பால் டம்ளரை நீட்டினாள்.

காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. பட்டறைக்குப் போனால், அவன் பற்றவைத்த பெரிய குழாய்களை மாமனார் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த ஓட்டல் அடுப்படிக்கு மாமா இந்தக் குழாய்?"

"ஓட்டலா? பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்கு. புகையை வெளியே இழுக்குற குழாய் மாப்ள இது. இதை மாட்டினாத்தான் வேலைக்கு வருவோம்னு அங்க வெல்டருங்க எல்லாம் முரண்டு பிடிக்கிறாங்களாம்!"

மருமகன் குனிந்து குழாயின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினான்.

"குடுத்து வச்சவங்க. அவங்க முதலாளிக்குப் பொண்ணு இல்ல போல மாமா."