‘ங்க’ போட்ட திட்டு

மாமனாரை ஒரு மருமகள் இப்படியா திட்டுவாள் என்பதுதான் அன்று மாலை ஏரிக்கரையில் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு.

“மாமா, கயிறை விடுங்கன்னு சொன்னேன். கட்டிப் புடிச்சுக்கங்கன்னா சொன்னேன்?”

பந்தயத்தில் படகு கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பும்போது அவள் போட்ட சத்தம் கரைவரை கேட்டது. வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தவிர மரியாதை என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

கரையில் நின்று பந்தயத்தை நடத்திக்கொண்டிருந்த பல் டாக்டருக்குக் காது கூசியது. பாய்மரப் படகுச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

புதன்கிழமைதோறும் வேலை முடிந்து வந்தவர்கள் ஓட்டுகிற சின்னப் பந்தயம் அது. பரிசு கிடையாது, ரோஷம் மட்டும் தாராளமாக உண்டு. படகுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அதே நீளம், அதே எடை, அதே பாய். ஜெயிப்பதும் தோற்பதும் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது; பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை எவ்வளவு முறுக்கி வைக்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

அன்று பந்தயத்துக்கு முன்னால் அந்தக் கம்பியை முறுக்கும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“இதுக்குப் பேர் இறுக்கமா மாமா? துணி காயப்போடுற கொடிகூட இதைவிட விறைப்பா இருக்கும். அவுத்துட்டு மறுபடி முறுக்குங்க.”

மாமனார் போன வருஷம்தான் பக்கவாதத்திலிருந்து பிழைத்து வந்தவர். இடது கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்தக் கையாலேயே முறுக்கவிட்டு, ஒத்தாசைக்கு ஒரு விரல்கூட நீட்டாமல் பக்கத்தில் நின்றாள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள் அவள். பிரேக்கை மறந்தவர்களை அதட்டி அதட்டியே வளர்ந்த தொண்டை.

டாக்டரும் வயதான அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்தான். புதன்கிழமை ஆனால் காரில் கூட்டிவந்து, காற்றடிக்காத இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்காரவைப்பார். அவர் எழுந்திருக்கப் பார்த்தால், என்ன வேண்டுமானாலும் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்லித் தோளை அழுத்தி உட்காரவைத்துவிடுவார். அப்பா ஒரு காலத்தில் இதே ஏரியில் படகு விட்டவர். இப்போது எது கேட்டாலும் தலையாட்டுவதோடு சரி. இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். டாக்டரும் அதை மறுத்ததில்லை.

மாமனாரும் மருமகளும் ஓட்டிய படகு மூன்றாவதாகக் கரை சேர்ந்தது. டாக்டர் நேராக அவளிடம் போனார்.

“ஏம்மா, வயசானவர்கிட்ட இப்படித்தான் பேசுறதா?”

“கயிறு சிக்கிடுச்சு டாக்டர். முதல்ல வர வேண்டிய படகு மூணாவதா வந்திருக்கு. பின்னே கொஞ்சச் சொல்றீங்களா?”

“உடம்பு சரியில்லாதவரும்மா.”

“தெரியும். ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா பக்கத்துல உக்காந்திருந்தது நான்தான்.”

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் டாக்டருக்கு வேகம் வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் மாமனாரிடம் அவள் மன்னிப்புக் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த புதன்கிழமை அவர்கள் படகு தண்ணீரில் இறங்காது என்று ஒரே போடாகப் போட்டார்.

அவள் பாயை அவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“கேக்க மாட்டேன். அடுத்த வாரம் தப்புப் பண்ணினா அடுத்த வாரமும் திட்டுவேன்.”

“இறங்கவே விடமாட்டேன்னு சொல்றேன்.”

“இந்த ஏரி இல்லேன்னா இன்னொரு ஏரி. எங்க போனாலும் கயிறு இவர் கையிலதான் இருக்கும்.”

அதுவரை படகிலேயே உட்கார்ந்து கயிற்றுச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார்.

“தம்பி, படுக்கையை விட்டு எழுந்த நாள்லேருந்து என்னை யாரும் திட்டுறதே இல்ல. என் பிள்ளை கைக்குழந்தைகிட்டப் பேசுற மாதிரி பேசுறான். டம்ளரைப் போட்டு உடைச்சாலும் பரவாயில்லப்பாங்கிறான். இனிமே என்னால ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. கட்டாதவ இவ ஒருத்திதான். இவ வாயை அடைக்க நீங்க யாரு?”

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“பெரியவங்களை எப்படி வச்சுக்கணும்னு எங்கப்பாவைக் கேட்டுப் பாருங்க. இன்னிவரைக்கும் அவரை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல நான்” என்று நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினார்.

நாற்காலி காலியாக இருந்தது.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நடை மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் யார் கையையும் பிடிக்கவில்லை. விழுந்துவிடப் போகிறார் என்று பதறிக்கொண்டு ஓடிய மகனை ஒதுக்கிவிட்டு, நேராக அவள் முன்னால் வந்து நின்றார்.

“ஏம்மா, உன் படகுல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா? எனக்கும் கயிறு சிக்கும். நல்லா திட்டணும்.”

பல் டாக்டர் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

அவள் பெரியவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஈரப் பாயின் ஒரு முனையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

“அப்புறம் என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மடிங்க. ஒரு சுருக்கம் விழுந்துச்சு, தெரியும் சேதி.”