படம் இல்லாத அறிவிப்பு

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வேகமாகத் தெருவைக் கடந்தான்.

எதிர்ச்சாரியில் வந்த இரண்டு பெண்கள் அவனைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி நெஞ்சில் கைவைத்தாள்.

இந்தச் சாரியும் சரியில்லை. காபிக்கடை வாசலில் இருந்த கிழவர் எழுந்தார். சாம்பல் நிறத் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்.

"ஏம்ப்பா அந்தத் தாத்தா தொப்பியக் கழட்டுறாரு?"

"அஸ்மாரால அப்படித்தான். பெரியவங்களப் பாத்தா கழட்டுவாங்க."

"நீ பெரியவங்களா?"

"இத்தாலிக்காரங்க சொல்லிக் குடுத்துட்டுப் போனது."

பாதிப் பொய்.

அந்தக் கிழவரின் அப்பாவை இந்த வீதியில் நடக்கவே விட்டிருக்க மாட்டார்கள். ஈச்சமர வரிசை, சினிமாக் கொட்டகை, ஆவி கக்கும் காபி எந்திரம், எல்லாம் அவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. கட்டியவர்கள் போய்விட்டார்கள். இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊரே இஸ்திரி போட்ட கோட்டோடு இங்கே உலாவ வருகிறது. போகும்போது பார்த்தவர்களைத் திரும்பும்போதும் பார்க்கிறது. மறுபடியும் நலம் விசாரிக்கிறது.

இங்கே எதையும் ஒளிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை விமானம். இன்னும் இரண்டு நாள். அதுவரை மகளுக்குத் தெரியக்கூடாது. ஊரில் தங்கை இருக்கிறாள். அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம். இந்த ஆப்பிரிக்க மலை உச்சியில், தனியாக, அவனால் முடியாது.

அம்மா மசாவா போயிருக்கிறாள் என்று சொல்லியிருந்தான். மலைக்குக் கீழே, கடலோரம். அங்கே காற்று கனமாக இருக்கும். மூச்சு நன்றாக வரும்.

நான்கு மாதமாக டாக்டர் சொன்னதும் அதைத்தான். கீழே கூட்டிப் போ.

தான் பாடம் நடத்தும் கல்லூரியில் தேர்வு முடியட்டும் என்று இருந்தான்.

செண்பகம் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தாள். இன்று காலை, மகள் பள்ளியில் இருந்தபோது, புதைத்தார்கள். எரிக்க வழி கிடைக்கவில்லை.

கீழ்வீட்டு மெப்ராத் தெருவை அடைத்துத் துக்கப் பந்தல் போடக் கிளம்பினாள். அவள் காலில் விழாத குறையாக அவன் கெஞ்சினான். பந்தல் வேண்டாம். கறுப்புத் துணி வேண்டாம். பிள்ளை முன்னால் யாரும் அழ வேண்டாம். மெப்ராத் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பெண்கள் அவன் வீட்டில் வட்டமாக உட்கார்ந்து காபிக்கொட்டை வறுத்தார்கள். அழவில்லை. அதைப் பார்க்க முடியாமல்தான் மகளை வெளியே கூட்டி வந்தான்.

ஒன்றுக்கு மட்டும் மெப்ராத் இணங்கவில்லை. யார் செத்தாலும் இந்த ஊரில் சுவரில் அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

"பேரை ஒட்டலன்னா அவ இங்க வாழவே இல்லன்னு ஆயிடும்," என்றாள், தனக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில்.

"படம் மட்டும் போடாதீங்க. பாப்பா பாத்துருவா."

படம் இல்லாமல் அச்சடித்தார்கள். இந்த ஊர்த் திக்ரின்யா எழுத்தில் மட்டும். இரண்டு வருடத்தில் அதில் ஓர் எழுத்தைக்கூட அவன் படிக்கவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் போதும். கடைத்தெருவுக்குப் போவது செண்பகம். அவனுக்கு அவை கால் உடைந்த நாற்காலிகள் மாதிரி இருக்கும்.

ஐஸ்கிரீம் கடை சினிமாக் கொட்டகையை ஒட்டி இருந்தது. கோனை வாங்குவதற்காகக் கையை விட்டான்.

திரும்பியபோது மகள் பக்கத்தில் இல்லை.

கொட்டகைச் சுவர் முன்னால் நின்றிருந்தாள்.

சுவரில் நான்கு அறிவிப்புகள். மூன்றில் முகங்கள். ஒன்றில் இல்லை.

அதன் முன்னால்.

பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தான். வெறும் எழுத்து.

அவள் விரல் முதல் எழுத்தின் மேல் இருந்தது. பிறகு அடுத்ததன் மேல்.

அப்போதுதான் உறைத்தது. ஒன்றாம் வகுப்பு. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அம்மாவும் மகளும் ஒரே நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். யார் எழுத்து அழகு என்று சண்டை வரும். அவன் நிமிராமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பான்.

அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

நடுவில் ஒருமுறை ஒட்டிப் பிரிந்தன. கடைசியில் மறுபடி ஒட்டின.

பிரியவில்லை.

அவன் வாய்க்கு அந்தப் பெயர் தெரியும்.

உலாவ வந்தவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐஸ்கிரீம் மணிக்கட்டு வரை வழிந்தது. அவன் நகரவில்லை.

மகள் திரும்பினாள். அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். எதையோ சரிபார்ப்பதுபோல, வெகுநேரம்.

"அப்பா, உனக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

அவள் நகர்ந்து அறிவிப்புக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உயரம் போதவில்லை. குதிகாலைத் தூக்கினாள்.

"ஒண்ணுமில்லப்பா. சோப்பு விளம்பரம்."