யார் எழுதிய வீட்டுப்பாடம்

“இது என்ன கறை?”

பிரகதீஸ்வரி டீச்சர் கவியரசனின் இடது கையைத் திருப்பி அவன் அம்மாவிடம் காட்டினாள். சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஓரம் முழுக்கக் கறுப்பு.

சிவரஞ்சனி முந்திரிக் கொட்டகையிலிருந்து நேராக வந்திருந்தாள். வறுத்த கொட்டையை உடைத்து உடைத்து அவள் விரல்கள் கறுத்து, தோல் உரிந்து கிடந்தன. எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

“எங்கயாச்சும் வெளையாண்டிருப்பான் டீச்சர்.”

“என்கிட்டயே கதை விடாதீங்க. கொட்டைய இடது கையில புடிச்சு வலது கையால அடிச்சுத்தான ஒடைப்பீங்க? இவனையும் ஒக்கார வச்சு ஒடைக்க விடுறீங்க. அதான் பென்சிலத் தொட்டாலே கை வலிக்குதுங்கிறான்.”

“இல்லைங்க. கொட்டகைப் பக்கமே இவன விட்டதில்ல. இந்தக் கை என்னோட போகட்டும்னுதான் படிக்கவே அனுப்புறேன்.”

டீச்சர் ஈரக் கைக்குட்டையால் பையன் கையை ஒரு தடவை துடைத்தாள். கறை துணிக்கு வந்துவிட்டது. கைக்குட்டையை மடித்து மேசைமேல் வைத்தாள்.

பிரகதீஸ்வரி கெட்டவள் இல்லை. எழுத வராத பிள்ளைகளைப் பள்ளி விட்ட பிறகு தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பவள் அந்தப் பள்ளியில் அவள் ஒருத்திதான். கவியரசனின் பென்சிலுக்கு ஸ்பாஞ்ச் சுற்றிக் கொடுத்தாள். மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிட்டாள். அவனுக்கும் டீச்சர் என்றால் உயிர்.

என்ன செய்தும் நாலாம் வகுப்புப் பையனின் எழுத்து கோட்டில் நிற்கவில்லை. வீட்டுப்பாடம் மட்டும் அச்சடித்ததுபோல வந்தது.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள்.

“இது கிளாஸ்ல எழுதுனது. இது வீட்டுல எழுதுனது. ரெண்டும் ஒரே ஆளு எழுதுனதுன்னு நீங்களே சொல்லுங்க பாப்போம்.”

“நான் வேலை முடிஞ்சு வாரதுக்குள்ள எழுதி முடிச்சுப் பையில வச்சிருவான் டீச்சர். நான் எழுதிக் குடுக்கல. எனக்கே இம்புட்டு அழகா வராது.”

“சரி. கவி, எழுதுப்பா. அம்மா பாக்கட்டும்.”

கவியரசன் வலது கையில் பென்சிலை இறுக்கிப் பிடித்தான். நாலு எழுத்து எழுதுவதற்குள் நெற்றி வியர்த்தது. ஒரு எழுத்து கோட்டுக்கு மேலே ஏறியது, அடுத்தது கீழே விழுந்தது. பென்சில் முனை ஒடிந்தது. விரல்களை உதறிக்கொண்டு டீச்சரைப் பார்த்தான்.

டீச்சர் அவன் முன்னால் குனிந்தாள்.

“நான் திட்ட மாட்டேன். வீட்டுப்பாடம் நெசமா யாரு எழுதுறா?”

பையன் ஒடிந்த பென்சில் முனையை விரலால் உருட்டினான்.

“சொல்லு சாமி. டீச்சருக்காக.”

“அம்மாதான்.”

“என்னடா சொல்ற?” என்றாள் சிவரஞ்சனி.

அவன் தலையைத் தூக்கவில்லை. “அம்மாதான் டீச்சர் எழுதிக் குடுத்துச்சு.”

பிரகதீஸ்வரி நோட்டுகளை மூடினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சிவரஞ்சனி எதிர்த்துப் பேசியிருப்பாள்.

“புதுக்கோட்டையில எனக்குத் தெரிஞ்ச ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு. பக்கத்துலயே ஸ்கூலு. எழுத்துப் பயிற்சிக்கும் தனியா ஆளு வச்சிருக்காங்க. திங்கக்கிழமையே விட்டுருவோம்.”

“அவங்கப்பா போனதுக்கப்புறம் எனக்கு இவன் ஒருத்தன்தான் டீச்சர். ராத்திரி இவன் பக்கத்துல இல்லேன்னா தூக்கம் வராது.”

“தூங்குறதுக்கு ஒங்களுக்கு ஆளு வேணுங்கிறதுக்காக இவன் கை போகணுமா?”

“நான் இவன வேலைக்கு வைக்கலைங்க. சத்தியமா.”

“வீட்டுப்பாடத்தையும்தான் எழுதலைன்னு சொன்னீங்க.”

சிவரஞ்சனி மகனைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையே சாட்சி சொல்லிவிட்டான்.

“இவன் கை நல்லாகணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க.”

“ஆகணும்.”

“அப்ப திங்கக்கிழமை காலையில துணிமணியோட வந்துருங்க.”

டீச்சர் அங்கேயே ஹாஸ்டலுக்குப் போன் போட்டுச் சொன்னாள். இடம் இருந்தது. சிவரஞ்சனி தலையை ஆட்டிவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடி வரை விறுவிறுவென்று நடந்தாள். அங்கே நின்று அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அடிக்கத்தான் கை ஓங்கினாள். முடியவில்லை. அப்படியே அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் எப்படா எழுதிக் குடுத்தேன்?”

“நீ எழுதலம்மா.”

“பின்ன யாரு?”

“நான்தான்.”

“அத அங்க சொல்றதுக்கு என்னடா? ஒன்னய எங்கிட்டேருந்து பிரிச்சு அனுப்புறாங்கடா. ஒனக்குப் புரியுதா, இல்லையா?”

அவன் விட்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு பிரகதீஸ்வரி பின்னாலேயே வந்திருந்தாள். இருவரும் பார்க்கவில்லை. கூப்பிட வாயெடுத்தவள், தாய் மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

கவியரசன் அம்மாவின் காதருகே குனிந்தான். அவன் ரகசியம் பேசினாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

“டீச்சர் கூடவே கூடாதுன்னு சொன்ன பீச்சாங்கையாலதாம்மா எழுதுனேன், அவங்ககிட்ட சொல்லிராத, பாவம்.”