ஃபிலிமோனேயின் வகுப்பு

ஃபிலிமோனேயின் கை மேலே போயிற்று.

வகுப்பின் கடைசியில், சுவரோரம் பாய் போட்டு உட்கார்ந்திருந்த லுசெயானே அதைப் பார்த்தாள்.

தோங்கா மொழிப் பாடம். ஆமை பிடிக்கப் போனவர்களின் கதை. கலோ என்ற சிறுமி எழுந்து நின்று படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நீளமான வார்த்தையில் மறுபடி மறுபடி தடுக்கினாள். ஆசிரியர் ஃபிலிமோனே அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான்.

ஜன்னலோரத்தில் ஒருவன் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான்.

ஃபிலிமோனேயின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு இறங்கி, தோங்கா வழக்கப்படி உடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த பாயின் கயிற்றைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தது.

ஃபிலிமோனே கலோவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். பெரிய உடம்பு. இரண்டு மேசைகளுக்கு நடுவே அதை மடக்கிக் கொண்டுவரச் சிரமப்பட்டான். வார்த்தையின் பாதியை விரலால் மூடிக்கொண்டு, மீதியை மட்டும் படிக்கச் சொன்னான்.

கலோ படித்தாள். தப்பாகத்தான். யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். வந்துவிட்டது.

இந்த மாதிரி ஒரு நிமிடத்துக்காகத்தான் லுசெயானே மாதாமாதம் நெயாஃபு துறையில் படகேறுகிறாள். அடிக்காமல், அதட்டாமல் வகுப்பு நடத்த ஆசிரியர்களுக்குத் துணையாக இருப்பது அவள் வேலை. வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பாள். பேசுவாள். மறு மாதம் திரும்ப வருவாள்.

மற்ற தீவுகளில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் அவளுக்குக் கண் கலங்கிவிடும். திரும்பும் வழியெல்லாம் படகுக்காரரிடம் அதையே சொல்லிக்கொண்டு வருவாள்.

இங்கே எதுவும் நேரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் தன்னையே கேட்டுப் பார்த்தாள். சந்தோஷமா? இல்லை. கோபமா? அதுவும் இல்லை.

முதல் வருடம் ஃபிலிமோனே பிரம்பை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தான். அவள் படகு கிளம்பியதும் எடுத்துவிடுவான். அது அவளுக்குத் தெரியும். அதட்டிக் கேட்டால் அவனும் போய்ப் பிள்ளைகளை அதட்டத்தான் செய்வான் என்று கேட்காமல் விட்டாள். ஒருவன் எழுதவே மாட்டேன் என்றால் என்ன செய்வது, வகுப்பே கூச்சல் போட்டால் என்ன செய்வது என்று அவனோடு உட்கார்ந்து பேசினாள். சில பாடங்களைத் தானே நடத்திக் காட்டினாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் அவனே பிரம்பைக் கொண்டுபோய்க் குப்பை எரிக்கும் குழியில் போட்டான். அதையும் அவள் கேட்கவில்லை. பிள்ளைகள் சொன்னார்கள்.

இந்தத் தீவுக்கு வேண்டுமானால் வேறு ஆளை அனுப்புகிறோம் என்று அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தார்கள். தானே போவதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, படகுப் பயணம் பழகிவிட்டது என்றாள்.

இங்கே வரும் நாட்களில் மட்டும் காலையில் அவள் கணவர் அவளோடு பேசுவதில்லை.

இடைவேளையில் சீமைப்பலா மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஃபிலிமோனே வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அவித்த மரவள்ளியில் பாதியை அவளிடம் கொடுத்தான். தேநீரும் ஊற்றினான். பாடம் எப்படி இருந்தது என்று கேட்டான்.

"நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. புள்ளைங்களுக்குப் பின்னாலேர்ந்து வராதீங்க. முதுகுப் பக்கம் ஆள் வந்து நின்னா அதுங்க கண்ணு எழுத்துல நிக்காது."

அவன் தலையாட்டினான்.

அவள் அடுத்த விஷயத்தையும் சொன்னாள். வருகிற வருடம் பக்கத்துத் தீவின் ஆசிரியர்களுக்கு அவனையே துணையாக அனுப்ப அலுவலகத்தில் யோசனை இருக்கிறது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். சொல்லிவிட்டாள்.

ஃபிலிமோனே கோப்பையைக் கீழே வைத்தான். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. கடற்கரையில் பன்றி ஒன்று ஈர மணலைக் கிளறிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களா சொன்னீங்க, டீச்சர்? என்னையா?"

"உங்களைத்தான்."

அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"சியாலே எப்படி இருக்கா?"

இத்தனை காலத்தில் அந்தப் பெயரை அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. சியாலே அவள் மகள். தலைநகரில் வேலை பார்த்தபோது ஃபிலிமோனே அவளுக்கு வகுப்பாசிரியர்.

லுசெயானே வாயில் இருந்த மரவள்ளியை மென்று விழுங்கினாள்.

"நல்லா இருக்கா. நீங்க அறைஞ்ச பக்கந்தான் இன்னும் கேக்கலை. வலது பக்கமா நின்னு பேசினா எல்லாம் கேக்குது."

மணி அடித்தது.

அடுத்தது கணக்குப் பாடம், பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.