மேஸ்திரி முகம் போட்ட முயல்

கல் உடைக்கும் ஆட்டத்தில், திரையில் முயல் வந்தால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். கொட்டகையில் பெண்கள் கருவியின் பொத்தானை அமுக்கினால், குவாரிப் பள்ளத்தில் நிஜச் சம்மட்டி இறங்கும். முயல் என்றால் அவர்கள் வீட்டு ஆண் ஒருவன் கல் பொறுக்க உள்ளே போயிருக்கிறான்.

ஆட்டங்களைத் திருத்திப் பார்ப்பதில் பைத்தியமான சுடலி, தமாஷுக்காக முயலுக்கு மேஸ்திரியின் முகத்தை ஒட்டியிருந்தாள். அன்று காலை அது மீசையோடு துள்ளி வந்தது.

“ஏட்டி, நம்ம தடியன் மேஸ்திரில்லா!”

கொட்டகையே சிரித்தது.

“இடுப்பக் கிள்ளுன பய. இந்தா, வாங்கிக்கோ!” பேச்சி கட்டைவிரலால் பொத்தானை விடாமல் குத்தினாள். திரையில் முகம் நசுங்கிச் சிவந்தது.

“ஏளா, கைய எடு! அது மொசலு!” சுடலி அலறினாள்.

அதற்குள் மேஸ்திரியே வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் ரத்தம்.

“நிறுத்துங்கட்டி! உள்ள சங்கிலி கெடந்தான்!”

சங்கிலி, சுடலியின் புருஷன்.

சுடலி பாய்ந்து பேச்சியின் கட்டைவிரலைக் கடித்தாள். எலும்பு நொறுங்கும்வரை விடவில்லை. பேச்சியும் கையை இழுக்கவில்லை.