உள்ளூர்வாசி ஒருவர்

"வாஸ்கோடகாமா எதைக் கண்டுபிடிச்சான்? சொல்லு!"

காசிநாதன் வாத்தியார் மேசையைத் தட்டிய தட்டில் சாக்பீஸ் டப்பா உருண்டு விழுந்தது. எட்டாம் வகுப்பு மிரண்டு போனது.

"இந்தியாவுக்குக் கடல்வழி சார்," என்றாள் ராசாத்தி. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

"கிழிச்சான்! ஆப்பிரிக்காக் கரையில வழி தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னான். அந்தக் கடல்ல காலங்காலமா போய் வந்துக்கிட்டிருந்த மாலுமி ஒருத்தன்தான் கள்ளிக்கோட்டை வரைக்கும் கூட்டியாந்து விட்டான். அந்த மாலுமி பேரு என்ன?"

ராசாத்தி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அதில் இல்லை.

"எனக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வழி கேட்டு வந்தவன் பேர்ல கோவாவுல ஒரு ஊரே இருக்கு. மறுதடவை வந்தப்ப, மெக்கா போய்த் திரும்பின கப்பலை ஆளோட கொளுத்தினவன் அவன். அவன் மாவீரன்! வழி காட்டினவன் அட்ரஸ் இல்லாம போயிட்டான்!"

"அப்ப பரீட்சையில என்ன சார் எழுதறது?"

"கண்டுபிடித்தார்னே எழுதித் தொலை. இல்லேன்னா மார்க் போயிடும்."

வாத்தியாரின் கோபம் வாஸ்கோடகாமாவோடு நிற்கவில்லை. அது போன வெள்ளிக்கிழமை வந்த பத்திரிகையில் ஆரம்பித்த கோபம்.

அதில் சென்னைப் பேராசிரியர் ஒருவர், நத்தைபோல் சுருண்ட பெரிய கல் ஒன்றைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டிருந்தார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் அரியலூர்ப் பக்கமெல்லாம் கடலாக இருந்ததற்குச் சாட்சியாம். கண்டுபிடித்தவர் பேராசிரியராம்.

அந்தக் கல்லைச் சாக்கில் கட்டி, ரயிலேறிப் போய், நாலு பக்கக் கடிதத்தோடு பேராசிரியர் மேசையில் வைத்துவிட்டு வந்தவர் காசிநாதன். பத்திரிகையில் அவருக்குக் கிடைத்தது இரண்டே சொல்: 'உள்ளூர்வாசி ஒருவர்.'

இருபத்திரண்டு வருஷமாக அதே பள்ளிக்கூடம். ஒரு பாராட்டு உண்டா, ஒரு பொன்னாடை உண்டா? ஆயுசுக்கு ஒரு தடவை வாசல் வரை வந்த பெயரையும் ஒருத்தன் தட்டிக்கொண்டு போய்விட்டானே என்று அவருக்கு வயிறு எரிந்தது. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மத்தியான மணி அடித்ததும், ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 'ஐயா, மேற்படி கல்லை ஓடைக்கரையில் என் கண்ணால் கண்டு, என் கையால் எடுத்தவன் நானே...' நாலு மணித் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

"சார்..."

வாசலில் ராசாத்தியின் அம்மா நின்றாள். சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமப்பவள்.

"என்னம்மா?"

"நாலு நாளா வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க சார். பேப்பர்ல படம் வந்துச்சாமே. அந்தக் கல்லை நான் சும்மாட்டுத் துணியில சுத்தி எடுத்தாந்ததை யாரோ சொல்லிப்புட்டாங்க. கம்பெனிக் கல்லை யாருக்குடி வித்தேன்னு மேஸ்திரி கேக்குறாரு."

காசிநாதன் எழுதிக்கொண்டிருந்த கடிதத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"வெடி வெச்ச குழியில கெடந்துச்சு. ஒடச்சு லாரியில போடுன்னாங்க. எனக்குத்தான் மனசு வரல. கடலு, சிப்பின்னு நீங்க பாடம் நடத்துறதை இவ வந்து சொல்லுவா. அதான் உங்ககிட்டக் கொண்டாந்து கொடுத்தேன். விக்கல, வாத்தியாருக்குத்தான் கொடுத்தாள்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க சார்."

"சரி, சரி. அழாதே."

"எம் பேரு போட்டிருக்கணுமாம். பேரில்லாத சீட்டோட வந்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டேன்னுட்டாரு. வூட்ல அடுப்பெரிஞ்சு ரெண்டு நாளாச்சு. பள்ளிக்கூடத்துச் சோறு இருக்கப்போயி ராசாத்தி மட்டும் தப்பிச்சா. இந்த வேலை போச்சுன்னா அவளையும் நிறுத்தி எங்கயாச்சும் கல்லொடைக்கத்தான் அனுப்பணும்."

காசிநாதன் ஒரு தாளை எடுத்தார். 'இந்தக் கல்லைக் கண்டெடுத்து எனக்குக் கொடுத்தவர்...' அதோடு பேனா நின்றுவிட்டது.

இவள் பெயர் எந்தக் காகிதத்தில் ஏறினாலும், நாளைக்கு எவனாவது தேடி வந்து இவளை விசாரிப்பான். விசாரித்தால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். அப்புறம் தன் கதி? ஜென்மத்துக்கும் உள்ளூர்வாசி ஒருவர்தான்.

தாளைக் கசக்கினார். வேறு தாள் எடுத்து மளமளவென்று எழுதினார். 'மேற்படி கல்லை ஓடைக்கரையில் எடுத்தவன் நானே. குவாரித் தொழிலாளி எவரும் எனக்குக் கொடுக்கவில்லை.' கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். சே, நாமும் ஒரு மனுஷனா என்று இருந்தது. இருந்தும் மடித்துக் கொடுத்தார்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். சோத்து வரிசையில ராசாத்தி சொல்லுச்சு, கப்பலுக்கு வழி காட்டினவன் பேரு இல்லாம போச்சேன்னு வகுப்புல அவ்வளவு வருத்தப்பட்டீங்களாம். அப்படிப்பட்ட மனசு உங்களுக்கு. இப்படியே குவாரிக்கு ஓடுறேன்."

ஓரடி போனவள் திரும்பினாள். தாளைப் பிரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாது சார். மேஸ்திரி கேட்டா தொட்டுக் காட்டணும். மருதாயின்னு எங்க போட்டிருக்கீங்க?"

காசிநாதன் தாளை நேராகத் திருப்பினார். கீழே தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இங்கேம்மா," என்றார்.