பழசு பார்க்காத தாலி

கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபரின் தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமராக்கள் தொங்கின. பழசுக்குள் காட்சியைக் காட்டுவது கண்ணாடி, புதுசுக்குள் குட்டித் திரை.

"எடுக்கப்போற படத்தை முன்னாடியே என் திரையில பாத்துடுவேன். உனக்கு வெறும் கண்ணாடிதானே?" என்று பீற்றிக்கொண்டது புதுசு.

"வாஸ்தவம்தான் தம்பி. பட்டனை அமுக்கினதும் என் கண்ணாடி மேலே தூக்கிக்கும், எனக்கு இருட்டிடும். எத்தனையோ கல்யாணம் எடுத்தாச்சு. தாலி ஏறுற நொடியை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல" என்றது பழசு.



கெட்டிமேளம் முழங்கியது. போட்டோகிராபர் பழசைத் தூக்கிக் க்ளிக்கினார். தோளில் தொங்கிய புதுசு கண் கொட்டாமல் மேடையையே பார்த்தது.

"தாலி ஏறிடுச்சுண்ணே" என்றது மெதுவாக. "மாப்பிள்ளை முடிச்சுப் போடத் திணறிட்டாரு. பொண்ணு சிரிச்சுட்டா."